இரவு நீளுறது வேற, பொழுது வெள்ளனப் படுறது வேற

வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட் கமிட்டியில இருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கிறார். சுருக்கமாச் சொன்னா இதுதான்: கார் பார்க் லைட்டுக்கு டைமர் பூட்டி பின்னேரம் 6 மணிக்கு எரிஞ்சு விடிய 6 மணிக்கு அணையிற மாதிரி வச்சிருக்கினம், ஆனா பெப்ரவரியில லைட் அணைஞ்ச பிறகும் கும்மிருட்டாக் கிடக்கு, ஒரு அன்ரி படியில தடக்கி விழுந்தே போனாவாம், ஜூலையில எண்டா வெயில் அடிக்கேக்கயே லைட் எரியுது, கரண்ட் பில்லைப் பாத்து ஆளாளுக்குச் சண்டை. சூரியன் நிக்கிற இடத்தை வச்சு இரவு எவ்வளவு நேரம், மம்மல் எவ்வளவு நேரம் எண்டு நாங்களே கணக்குப் போடலாமா எண்டு கேக்கிறார். அதோட கொசுறா இன்னொரு கேள்வி, டிசம்பர் 21 தானே நீண்ட இரவு, பிறகேன் நவம்பரிலயே பொழுது வெள்ளனப் படுது?

போடலாம் தம்பி, போன்ல இருக்கிற கல்குலேட்டரே காணும். ஆனா அந்தக் கொசுறுக் கேள்விக்குள்ளதான் உங்கட டைமர்ப் பிரச்சினையே ஒளிச்சிருக்கு, அதால அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் கணக்குக்கு வாறன். இரவு எவ்வளவு நீளம் எண்டுறது ஒரு கணக்கு, அந்த இரவு மணிக்கூட்டில எங்க போய்க் குந்துது எண்டுறது இன்னொரு கணக்கு. முதலாவதுக்கு உங்கட அகலக்கோடும் சூரியன் வடக்கயா தெற்கயா நிக்குது எண்டுறதும் காணும். ரெண்டாவதுக்கு நெடுங்கோடும் சூரியன் மணிக்கூட்டை விட முந்துதா பிந்துதா எண்டுறதும் வேணும். இது ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பினா கொழும்பில ஒண்டுமே சரிவராது, ஏனெண்டா எங்கட ஊரில இரவின்ட நீளம் வருசம் முழுக்க வெறும் 48 நிமிசம்தான் மாறுது, ஆனா இரவின்ட நடு இருக்கே, அது தனியா 31 நிமிசம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுது. நீளத்தின்ட ஆட்டம் ரெண்டு பக்கமும் பங்காப் பிரிஞ்சு ஒரு பக்கத்துக்கு 24 நிமிசம்தான் வரும், அப்ப பாருங்கோ, எங்களுக்கு நடுவின்ட ஆட்டம்தான் பெரிசு. லண்டன்காரனுக்கு இது தலைகீழ், அங்க நீளத்தின்ட ஆட்டத்துக்குள்ள மற்றது கண்ணில படவே படாது.

சரி நீளத்தைப் பாப்பம். கோல்ஃபேஸில கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு வையுங்கோ, உங்கட வலக்கைப் பக்கம், துறைமுகப் பக்கமா, தொடுவானத்தில இருந்து வெறும் 7 பாகை உயரத்திலதான் வடதுருவப் புள்ளி கிடக்கு. கையை நீட்டி மூண்டு நாலு விரல் அடுக்கினா வாற உயரம். சூரியன் அந்தப் புள்ளியைச் சுத்தித்தான் ஒவ்வொரு நாளும் வட்டம் போடுது. அந்த வட்டத்தைத் தொடுவானம் வெட்டுது, மேல இருக்கிற துண்டு பகல், கீழ இருக்கிற துண்டு இரவு, அவ்வளவுதான் கதை. துருவம் தொடுவானத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறதால சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குது, வட்டமும் ஏறக்குறைய நடுவால வெட்டுப்படுது, அதாலதான் எங்களுக்குப் பகலும் இரவும் எப்பவும் 12 மணித்தியாலத்துக்குக் கிட்டவே நிக்குது.

கணக்காச் சொன்னா ஒரே ஒரு சமன்பாடு. சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில இருந்து அஸ்தமிக்கிற வரைக்கும் எத்தனை பாகை திரும்புது எண்டுறதுக்கு மணிக்கோணம் எண்டு பேர். அந்த மணிக்கோணத்தின்ட கோசைனை எடுக்க வேணுமெண்டா, மேல, சைன் உயரத்தில இருந்து, சைன் அகலக்கோட்டையும் சைன் சாய்வையும் பெருக்கி வந்ததைக் கழிக்கோணும், கீழ, கோசைன் அகலக்கோட்டையும் கோசைன் சாய்வையும் பெருக்கோணும், மேல வந்ததைக் கீழ வந்ததால பிரிச்சா விடை. சாய்வு எண்டு நான் சொல்லுறது சூரியன் வான நடுக்கோட்டில இருந்து வடக்க தெற்க எவ்வளவு விலகி நிக்குது எண்டுறதை, தெற்க நிண்டா மைனஸ் போடுங்கோ. வருசத்தில அது கூடினது 23.44 பாகை அங்கால, 23.44 பாகை இங்கால, அவ்வளவுதான்.

உயரத்துக்கு என்ன போடுறது எண்டதிலதான் நிறையப்பேர் பிழைவிடுறது. அஸ்தமனம் எண்டா உயரம் சைபர் எண்டு போட்டுடுவினம். அப்பிடியில்லை. அஸ்தமனம் எண்டு நாங்கள் சொல்லுறது சூரியன்ட மேல் விளிம்பு மறையிற நேரத்தை, நடுப்புள்ளி மறையிற நேரத்தை இல்லை, அதுக்கு 16 கலை. அதோட காத்து வெளிச்சத்தை வளைக்கிறதால தொடுவானத்துக்குக் கீழ போன சூரியனும் மேல நிக்கிற மாதிரித்தான் தெரியும், அதுக்கு 34 கலை. கூட்டினா 50 கலை, 60 கலை ஒரு பாகை எண்டபடியா 0.833 பாகை. அதாவது கடல்ல சூரியன்ட கடைசிப் பொட்டு மறையிறதை நீங்கள் பாக்கேக்க உண்மையான சூரியன் முழுசா எப்பவோ கீழ போட்டுது, நீங்கள் பாத்தது அதின்ட படத்தை. ஆக உயரம் மைனஸ் 0.833.

இதால வாற ஒரு வேடிக்கை சொல்லட்டா? மார்ச் 20 அளவில பகலும் இரவும் சமன் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பம். கொழும்பில அண்டைக்குப் பகல் 12 மணித்தியாலம் 7 நிமிசம். உண்மையாச் சமனா வாற நாள் மார்ச் 3 அளவில ஒருக்கா, ஒக்டோபர் 11 அளவில ஒருக்கா. அந்த நாளில சூரியன்ட சாய்வு தெற்க 6.9 பாகை, எங்கட அகலக்கோடு வடக்க 6.93 பாகை. எண் ரெண்டும் ஒண்டா வந்தது தற்செயல்தான், அதில ஒரு இரகசியமும் இல்லை, ஆனா முதல் தரம் கணக்கில வந்தபோது நான் எங்கயோ பிழை விட்டுட்டன் எண்டு மூண்டு தரம் திருப்பிப் போட்டன்.

இப்ப ஒரு நாளை எடுத்துப் போட்டுக் காட்டுறன். பொங்கல், ஜனவரி 15. முதல் சாய்வு: நாளின்ட எண்ணோட (ஜனவரி 1இல இருந்து எத்தினையாம் நாள் எண்டுறது) 10ஐக் கூட்டு, 360ஆல பெருக்கி 365ஆல பிரி, அதின்ட கோசைனை மைனஸ் 23.44ஆல பெருக்கு. 15உம் 10உம் 25, அது 24.66 பாகையா வரும், கோசைன் 0.909, சாய்வு மைனஸ் 21.3. ஏன் 10 எண்டா, டிசம்பர் 21 அளவில இருந்து எண்ணத் தொடங்குறம், வேற ஒண்டுமில்லை. இந்தக் குறுக்குவழி சில மாசங்களில ஒரு பாகை வரைக்கும் பிழைக்கும், லண்டனில அந்த ஒரு பாகையே அஸ்தமனத்தை நாலஞ்சு நிமிசம் தள்ளிப்போடும், கொழும்பில அரை நிமிசம் கூட வராது. நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதில உள்ள சுகம் இது, சோம்பேறிக் கணக்கும் சரிவரும்.

அகலக்கோடு 6.93, அதின்ட சைன் 0.1207, கோசைன் 0.9927. சாய்வின்ட சைன் மைனஸ் 0.3633, கோசைன் 0.9317. மைனஸ் 0.833இன்ட சைன் மைனஸ் 0.0145. மேல போட்டா, மைனஸ் 0.0145, அதோட 0.0438 கூடுது (மைனஸில மைனஸ் போனா பிளஸ், இதில வழுக்கி விழாத ஆளில்லை), 0.0293. கீழ 0.9249. பிரிச்சா 0.0317. எந்தக் கோணத்தின்ட கோசைன் இது? 88.18 பாகை. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிசம் எடுக்கும், அப்ப 352.7 நிமிசம், 5 மணித்தியாலம் 53 நிமிசம் சொச்சம் குறைய. இது உச்சியில இருந்து அஸ்தமனம் வரைக்கும், இதைப்போல ரெண்டு மடங்கு பகல், 11 மணித்தியாலம் 45 நிமிசம். 24இல கழிச்சா பொங்கலண்டு இரவு 12 மணித்தியாலமும் 14 நிமிசமும் சொச்சம்.

எக்ஸெல்ல போடுறீங்கள் எண்டா ஒரு எச்சரிக்கை, அது பாகையை விளங்காது, ரேடியன் எண்ட மற்றக் கோண அலகைத்தான் கேக்கும். எனக்கு ஒருக்கா ஒரு ஏ/எல் பொடியன் கொண்டுவந்து காட்டினான், "சேர், கொழும்பில இரவு 23 மணித்தியாலமும் 48 நிமிசமும் வருது" எண்டு. பாத்தா, கடைசியா வந்த மணிக்கோணம் ரேடியனில 1.54, அதை அப்பிடியே 1.54 பாகை எண்டு நினைச்சு 4ஆல பெருக்கியிருக்கிறான்.

மம்மலுக்கு வருவம். ஊரில ஆக்கள் செக்கல், மைம்மல், கருக்கல் எண்டு எத்தினையோ பேர் வச்சிருக்கினம், ஒண்டுக்கொண்டு இருட்டு கொஞ்சம் கூடக்குறைய. கணக்குக்காரர் அதையே மூண்டு படியாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் ஒரு பாகை குடுத்திருக்கினம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழ 6 பாகை போற வரைக்கும் சிவில் அந்தி, இந்த நேரம் வெளியில நிண்டு பேப்பர் வாசிக்கலாம், முகம் தெரியும், லைட் தேவையில்லை. 12 பாகை வரைக்கும் கடலோடி அந்தி, இதுக்கு அந்தப் பேர் வந்ததுக்குக் காரணம் இருக்கு, கப்பல்காரனுக்கு நட்சத்திரமும் தெரியோணும் அதே நேரம் கடலின்ட தொடுவானக் கோடும் தெரியோணும், அப்பதான் செக்ஸ்டன்ட் எண்ட கோணம் அளக்கிற கருவியை வச்சு ரெண்டுக்கும் இடையில அளக்கலாம், ரெண்டும் ஒண்டாத் தெரியிற நேரம் இதுமட்டும்தான். 18 பாகை வரைக்கும் வானியல் அந்தி, அதுக்குப் பிறகுதான் உண்மையான இருட்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய ஆக மங்கின நட்சத்திரமும் தெரியிற இருட்டு. கொழும்பில அது பேப்பரில மட்டும்தான். துறைமுக லைட்டும் மரைன் டிரைவ் கடையள் லைட்டும் சேர்ந்து எங்கட வானம் 12 பாகையோடயே நிண்டுடும், அதுக்குமேல எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஆரஞ்சு நிறம்தான்.

கணக்குப் போடுறது அதே சமன்பாடுதான், மைனஸ் 0.833 இருந்த இடத்தில மைனஸ் 6, மைனஸ் 12, மைனஸ் 18 எண்டு மாத்திப்போட்டு வாற மணிக்கோணத்தில இருந்து அஸ்தமன மணிக்கோணத்தைக் கழியுங்கோ. பொங்கலுக்கு 6 பாகைக்கு 93.76 வரும், 88.18ஐக் கழிச்சா 5.58 பாகை, 22 நிமிசம். 18 பாகைக்கு 106.66, அதிலயும் 88.18ஐக் கழிச்சா 74 நிமிசம். உண்மையான இருட்டு 9 மணித்தியாலம் 47 நிமிசம்.

வருசம் முழுக்கப் போட்டுப் பாத்துட்டன், கொழும்பில சிவில் அந்தி 21 நிமிசத்துக்கும் 23 நிமிசத்துக்கும் இடையில, கடலோடி அந்தி முடிய அஸ்தமனத்தில இருந்து 45 தொடக்கம் 49, வானியல் அந்தி முடிய 69 தொடக்கம் 77. பாத்தீங்களா, இவ்வளவு சைனும் கோசைனும் போட்டு கடைசியில பொழுதுபட்டு 22 நிமிசத்தில இருட்டு எண்டு ஒரு வரியில முடிஞ்சுது. உங்கட டைமருக்கு உண்மையில இந்த ஒரு வரி காணும், மம்மலுக்கெண்டு தனிக் கணக்குப் போடத் தேவையே இல்லை.

ஆனா இந்த வரியை லண்டனில இருக்கிற சித்தப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அங்க ஜூன் 21க்கு சிவில் அந்தியே 48 நிமிசம், கடலோடி அந்தி முடிய 2 மணித்தியாலம், 18 பாகையைப் போட்டா கோசைன் மைனஸ் 1.09 எண்டு வரும், கல்குலேட்டர் பிழை எண்டு கத்தும். கல்குலேட்டர் பிழையில்லை, அப்பிடி ஒரு கோணமே இல்லை, சூரியன் நடுச்சாமத்திலயும் 15 பாகைதான் கீழ போகுது, லண்டனுக்கு அந்த நாளில உண்மையான இரவே கிடையாது. இதைச் சரிபாக்கச் சுகமான வழி ஒண்டு, 90இல இருந்து அகலக்கோட்டையும் சாய்வையும் கழிச்சா நடுச்சாமத்தில சூரியன் எவ்வளவு கீழ எண்டு வரும். ஒஸ்லோவுக்குப் போட்டா 6.7 வருது, நோர்வேயில இருக்கிற எங்கட சனம் ஜூன் மாசம் இரவு 12 மணிக்கும் பிள்ளையளைப் படுக்கப்போட யன்னலுக்குக் கறுப்புச் சீலை கட்டுறது இதாலதான்.

கிட்டத்துக்கும் சொல்லுறன், யாழ்ப்பாணத்தில டிசம்பர் இரவு கொழும்பை விடப் பத்து நிமிசம் கூட. அகலக்கோட்டில மூண்டு பாகைகூட வித்தியாசமில்லை, அதுக்கே பத்து நிமிசம்.

பஞ்சாங்கம் பாக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம். சிவராத்திரிக்கு நாலு சாமப் பூசை எண்டா இரவை நாலாப் பிரிக்கிறது, மாசியில எங்கட இரவு 12 மணித்தியாலத்தை ஒட்டித்தான் நிக்கும், சாமத்துக்கு மூண்டு மணித்தியாலம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம், நிமிசக் கணக்குத்தான் வித்தியாசம் வரும். பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிசம் முந்தித் தொடங்கி 48 நிமிசம் முந்தி முடியும், நாழிகையில நாலும் ரெண்டும். அது முடியிற அந்த 48 நிமிசம் எங்கட அகலக்கோட்டில கடலோடி வைகறை தொடங்குற நேரத்தோட கிட்டத்தட்டப் பொருந்துது, அதாவது கிழக்க கோடு மாதிரி வெளுக்கத் தொடங்கேக்க முகூர்த்தம் முடிஞ்சுது. பாத்து வச்சாங்களோ தற்செயலோ, எனக்குப் பிடிச்சுப்போச்சு. முஸ்லிம் ஆக்களின்ட பஜ்ர், அதாவது விடியத் தொழுகை நேரமும் இதே கணக்குத்தான், முஸ்லிம் வேர்ல்ட் லீக் முறையில பஜ்ருக்கு 18 பாகை, இரவுத் தொழுகை இஷாவுக்கு 17 பாகை, சமன்பாடு அதேதான், போடுற பாகை மட்டும் வேற.

இப்ப நவம்பர் விசயம். இவ்வளவு நேரமும் நீளம்தான் கண்டுபிடிச்சம், மணிக்கூட்டில எத்தனை மணி எண்டு இன்னும் சொல்லேல்லை. அதுக்கு சூரியன் உச்சிக்கு வாற நேரம் வேணும். அது 12 மணி இல்லை. எங்கட நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது, கொழும்பு 79.85இல கிடக்கு, 2.65 பாகை மேற்க, பாகைக்கு 4 நிமிசம், ஆக சராசரியா 12 மணி 10.6 நிமிசத்துக்குத்தான் எங்களுக்கு உச்சி. இது வருசம் முழுக்க மாறாது. மாறுறது மற்றது, சூரியன் ஒரு சீரா ஓடாது. பூமியின்ட பாதை நீள்வட்டம், ஜனவரி தொடக்கத்தில சூரியனுக்குக் கிட்டப்போய் வேகமா ஓடும், ஜூலை தொடக்கத்தில தூரப்போய் மெதுவா ஓடும், அதோட அச்சும் சரிஞ்சு கிடக்கு, ரெண்டும் சேர்ந்து சூரியனை மணிக்கூட்டை விட முந்தவும் பிந்தவும் வைக்கும். நவம்பர் 3 அளவில 16 நிமிசம் 25 செக்கன் முந்தும், பெப்ரவரி 11 அளவில 14 நிமிசம் சொச்சம் பிந்தும். ஆக கொழும்பில உச்சி நேரம் நவம்பர் தொடக்கத்தில 11.54, பெப்ரவரி நடுவில 12.25. நான் மேல சொன்ன 31 நிமிச ஆட்டம் இதுதான்.

இதுக்கும் ஒரு குறுக்குவழி இருக்கு. நாளின்ட எண்ணில 81ஐக் கழிச்சு 360ஆல பெருக்கி 365ஆல பிரிச்சு ஒரு கோணம் எடுங்கோ. அந்தக் கோணத்தின்ட இரட்டிப்பின்ட சைனை 9.87ஆல பெருக்கு, அதில இருந்து கோணத்தின்ட கோசைன் தர 7.53ஐக் கழி, சைன் தர 1.5ஐயும் கழி, வாறது நிமிசம். பொங்கலுக்கு மைனஸ் 9.35 வரும், மைனஸ் எண்டா சூரியன் பிந்துது, அப்ப 10.6ஓட 9.35ஐக் கூட்டு, உச்சி 12.20. அதில இருந்து 5 மணி 53 நிமிசத்தைக் கழிச்சா உதயம் 6.27, கூட்டினா அஸ்தமனம் 6.13. பொங்கலண்டு பானையை வச்சுப்போட்டு "இன்னும் சூரியனைக் காணேல்லை" எண்டு பல்கனியில எட்டியெட்டிப் பாக்கிறம் எல்லோ, அந்த நாளையில உதயம் பிந்துறதுக்கு இதுதான் காரணம், இரவு நீண்டதாலயில்லை, டிசம்பர் 21ஐ விட அண்டைக்கு இரவு ரெண்டு நிமிசம் குறைவு, ஆனா உதயம் பத்து நிமிசம் பிந்தி.

நவம்பர் நடுவில என்ன நடக்குது எண்டா, பகலின்ட பாதி ஒவ்வொரு நாளும் 8, 9 செக்கன் குறையுது, அஸ்தமனத்தை முன்னுக்கு இழுக்குது. அதே நேரம் உச்சி நேரம் ஒவ்வொரு நாளும் 8 செக்கன் அளவில பிந்தத் தொடங்குது, அஸ்தமனத்தைப் பின்னுக்குத் தள்ளுது. ரெண்டும் சரிசமனா நிக்கிற நாள் நவம்பர் 13, 14 அளவில, அண்டைக்குப் பொழுது படுறது 5.49க்கு, வருசத்திலயே அதுதான் வெள்ளன. பிறகு பகல் குறையிற வேகம் சோர்ந்துபோகுது, உச்சி பிந்துற வேகம் கூடிக்கூடி டிசம்பர் கடைசியில நாளுக்கு 30 செக்கனாகுது. அதால டிசம்பர் 21க்கு, நீண்ட இரவு எண்டு சொல்லுற அந்த நாளிலயே, அஸ்தமனம் சரியா 6.00 மணிக்கு, நவம்பரை விடப் பதினொரு நிமிசம் பிந்தி. நீண்ட இரவு விடிய 6.17 வரைக்கும் நீண்டதே ஒழிய பின்னேரத்தைக் கடிக்கேல்லை. உதயம் பிந்திப் பிந்திப் போய் பெப்ரவரி 1 அளவிலதான் ஆகக் கடைசிக்கு வரும், 6.29. லண்டனிலயும் இது நடக்கும், ஆனா அங்க நவம்பரில பகலின்ட பாதி ஒரு நாளைக்கே ஒண்டரை நிமிசம் குறையுது, இந்த 8 செக்கன் அதுக்கு முன்னால என்ன செய்யும், அதால அங்க வெள்ளனப் படுற நாள் டிசம்பர் 12 அளவில, நீண்ட இரவுக்கு ஒன்பது நாள்தான் முந்தி.

மற்றப் பக்கம், உதயம் ஆக வெள்ளன மே மாசம் 22 அளவில 5.53, அஸ்தமனம் ஆகப் பிந்தி ஜூலை நடுவில 6.31. குறுகின இரவு ஜூன் 21, 11 மணித்தியாலம் 28 நிமிசம். இந்த மூண்டு நாளும் மூண்டு மாசத்தில விழுறதைப் பாருங்கோ.

வயசான ஆக்களுக்கு இன்னொண்டும் ஞாபகம் வரும், 1996இல மின்சாரத் தட்டுப்பாட்டுக்கு மே மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சாங்கள், ஒக்டோபரில அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தாங்கள், மிச்ச அரை 2006 ஏப்ரல் வரைக்கும் இருந்தது. அந்தப் பத்து வருசமும் பெப்ரவரியில சூரியன் 6.59க்குத்தான் வந்தது, ஸ்கூல் வானுக்கு நிண்ட பிள்ளையளை நிழலாத்தான் பாக்கலாம். வன்னியில பழைய நேரமே ஓடினது, அங்கயிருந்து வாற ஆக்களோட நேரம் கதைக்கிறதெண்டா முதல் எந்த நேரம் எண்டு கேக்கோணும். மணிக்கூட்டை எவ்வளவு திருப்பினாலும் இரவின்ட நீளம் ஒரு செக்கனும் மாறேல்லை, அது எங்க குந்துது எண்டது மட்டும்தான்.

கணக்கை நம்பாத ஆக்கள் நவம்பர் நடுவில மழை விட்ட ஒரு பின்னேரம் வெள்ளவத்தை றெயில் பாதையைத் தாண்டி கல்லில போய்க் குந்துங்கோ. நான் போனன், கையில கடலைச் சரையும் போனும். 5.46 தாண்டி கொஞ்ச நேரத்தில கீழ் விளிம்பு தண்ணியைத் தொட்டுது, ரெண்டு நிமிசமும் ஒரு சொச்சமும், முழுசாப் போட்டுது, சரைக்குள்ள பாதிக் கடலை மிச்சம். செங்குத்தா இறங்குறதால எங்கட சூரியன் மினக்கெடாது. ரெண்டு மூண்டு பின்னேரம் போனா ஒரு நாளாவது கடலோரம் முகில் இல்லாமல் கிடைக்கும். மேல் மாடியில நிண்டு பாத்தா பிந்தும், 36 மீட்டர் உயரத்தில, அதாவது பன்னிரண்டாம் மாடி அளவில, 40 செக்கன் கூட, 100 மீட்டரில 70 செக்கன். கீழ ஒருக்கா அஸ்தமனம் பாத்துட்டு லிஃப்ட் உடன வந்தா மேல ஒருக்காப் பாக்கலாம், எங்கட ஃப்ளாட் லிஃப்டுக்கு அது நடக்காது. காத்தின்ட வளைவு நாளுக்கு நாள் மாறும், அதால செக்கன் கணக்கில ஆரும் உறுதி சொன்னா நம்பாதேங்கோ, ஒரு நிமிசத்துக்குள்ள வந்தா கணக்கு சரி.

அப்ப உங்கட டைமர். 6க்கு 6 எண்டு வச்சா பெப்ரவரி 1க்கு லைட் அணையேக்க சிவில் வைகறையே தொடங்கேல்லை, அது 6.07க்குத்தான், மூடின கார் பார்க்குக்குள்ள 6.20 மட்டும் ஒண்டும் தெரியாது, அந்த அன்ரி விழுந்ததில பிழை அவவில இல்லை. ஜூலையில அஸ்தமனத்துக்கு 31 நிமிசம் முந்தி எரியுது. மே மாசம் உதயமாகி ஏழு நிமிசம் கழிச்சுத்தான் அணையுது. நான் எண்டா எரியிறதை அஸ்தமனத்துக்கு 15 நிமிசம் கழிச்சும் அணையிறதை உதயத்துக்கு 10 நிமிசம் முந்தியும் வைப்பன். வருசத்துக்கு 190 மணித்தியாலம் அளவில எரியிறது குறையும், எல்ஈடி எண்டா பில்லில பெரிசா ஒண்டும் தெரியாது, அதைக் கமிட்டியில முதலே சொல்லிப்போடுங்கோ, பிறகு உங்களைப் பிடிப்பினம்.

ஒவ்வொரு மாசமும் ஆள் போய் டைமரைத் திருப்பிக்கொண்டிருக்கேலாது, அதால அகலக்கோடும் நெடுங்கோடும் குடுத்தா தானே இந்தக் கணக்கைப் போடுற டைமர் விக்கிறாங்கள், மின்சாமான் கடையில அஸ்ட்ரோ டைமர் எண்டு கேளுங்கோ. சிலதில ஊர்ப் பட்டியல்தான் இருக்கும், அதில கொழும்பு இல்லையெண்டா எலக்ட்ரீஷியன் கிட்டத்து ஊர் எண்டு சென்னையைப் போட்டுட்டுப் போயிடுவார். விடாதேங்கோ. சென்னை 13 பாகையில கிடக்கு, டிசம்பரில அங்க அஸ்தமனம் எங்களை விடப் பன்னிரண்டு நிமிசம் முந்தி, ஜூனில ஒன்பது நிமிசம் பிந்தி. வடக்கு 6.93, கிழக்கு 79.85, நேர வலயம் பிளஸ் 5.30 எண்டு கையால அடிக்கச் சொல்லுங்கோ, அடிச்ச பிறகு இண்டைய அஸ்தமனம் எத்தனை மணி எண்டு அதிலயே காட்டும், அதைக் கடற்கரையில பாத்ததோட ஒருக்கா ஒத்துப் பாத்துட்டு ஆளுக்குக் காசைக் குடுங்கோ.